"மெமரி பவருக்கு ஏதாவது இருக்கா?" மெடிக்கல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் 26 வருஷமாக மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியை நம்பி வாழும் ஊர் என்பதால் கையில் ஃபைலோடு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பெங்காலி, தெலுங்கு, உருது, நம்ம தமிழ் எல்லாம் ஒரே கவுண்ட்டரில் கேட்கும். சீட்டை நீட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணும்போது மெல்ல ஆரம்பிப்பார்கள்: "டாக்டர்கிட்ட கேக்கணும்னு இருந்தேன், மறந்துட்டேன்..." கேட்க வந்ததும் பல நேரம் மறதியைப் பற்றித்தான்.

அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பார்மசி படித்தவன். டாக்டரிடம் போக வேண்டிய இடம் வந்தால் போகச் சொல்லிவிடுவேன்.

"பையன் பிளஸ் டூ. மெமரி பவருக்கு நல்ல டானிக் ஒண்ணு குடுங்கண்ணே."

பொதுத்தேர்வு அட்டவணை வந்த மறுநாளே இந்தக் கேள்வியும் வந்துவிடும். ஒளிக்காமல் சொல்கிறேன். என் அலமாரியில் நாலைந்து டானிக் இருக்கிறது, நானும் விற்றிருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிற, உடம்பில் குறையில்லாத பிள்ளைக்கு ஞாபக சக்தியைக் கூட்டும் என்று நிரூபணமானது அதில் ஒன்றுகூட இல்லை.

வல்லாரையும் நீர்ப்பிரமியும் வேறு வேறு செடிகள். இரண்டையும் பிரமி என்ற ஒரே பேரில் விற்பதால் குழப்பம். நீர்ப்பிரமியைப் பன்னிரண்டு வாரம் போலக் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. கொஞ்சம்தான். வல்லாரைக்கு அந்த அளவு சான்றும் இல்லை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், கீரை என்ற முறையில் நல்லதுதான். ஜின்கோ மாத்திரையை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஆறு வருஷம் போலச் சோதித்து 2008-இல் முடிவு சொன்னார்கள்: மறதி நோயை அது தடுக்கவில்லை.

குறை இருந்தால் கதை வேறு. வளரும் பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகை சாதாரணமாக இருக்கிறது. ஹீமோகுளோபின் இறங்கினால் புத்தகத்தைத் திறந்ததுமே சோர்வு வரும், மனசு நிற்காது. அதை "இவளுக்கு ஞாபகம் பத்தாது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். டானிக் வாங்கும் காசில் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

"சாவியை எங்க வச்சேன்னு தினமும் தேடுறேன். 48 வயசுதான் ஆகுது. அல்சைமரா இருக்குமோ?"

போன ஆடி மாசம் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். வீட்டில் போன் போட்டுச் சாமான் பட்டியல் சொன்னார்கள். தக்காளி, கொத்தமல்லி, தேங்காய், வெற்றிலை, சாமிக்குப் பூ. அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு எல்லாம் வாங்கி, ஷேர் ஆட்டோ ஏறி வீடு வந்து சேர்ந்தேன். மாடிப்படி ஏறும்போதுதான் ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஹெல்மெட் இருப்பதைப் பார்த்தேன். "மெடிக்கல்காரருக்கே மாத்திரை வேணும்போல கீது" என்று வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

அது அல்சைமர் போன்ற மறதி நோய் இல்லை. வண்டியை நிறுத்திய அந்த நிமிஷம் என் மனசு வண்டியில் இல்லை, பட்டியலில் இருந்தது. பதியாததை எப்படி நினைவுகூர்வது? அந்த நேரத்துக்கு மனசில் பிடித்து வைத்திருக்கும் கையிருப்பு நினைவு வீட்டுத் திண்ணை மாதிரி. ஏழு பேர் உட்காரலாம் என்று ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-இல் சொன்னார். அப்புறம் வந்தவர்கள் கணக்குப் போட்டு, நாலு பேருக்குத்தான் இடம் என்றார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து போக வேண்டியதுதான்.

சாவிக்குச் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். வேறு எங்காவது வைத்தால் "பிரிட்ஜ் மேல வைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் என்ன, வேலை செய்கிறது.

சாவியை வைத்த இடம் மறந்தால் பயம் வேண்டாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று நின்றால், தினமும் போன பாதையில் திகைத்தால், அப்போது டாக்டரைப் பாருங்கள். என் அனுபவத்தில், தன் மறதியைத் தானே வந்து புலம்புகிறவர் பெரும்பாலும் தேறிவிடுவார். "எனக்கு ஒண்ணும் இல்ல, இவங்கதான் சும்மா சொல்றாங்க" என்பவரை மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

"எங்க ஆயாவுக்கு அம்பது வருஷத்துக் கதை அப்படியே ஞாபகம் இருக்கு. காலைல சாப்பிட்டது மட்டும் இல்ல. அது எப்படி?"

புது நினைவை எழுதும் இடமும், பழைய நினைவு தங்கும் இடமும் மூளையில் ஒன்று இல்லை. காதுக்கு உள்பக்கமாக, இரண்டு புறமும், கடல்குதிரை போல வளைந்த சின்ன உறுப்பு இருக்கிறது. ஹிப்போகேம்பஸ் என்ற பேருக்கே கடல்குதிரை என்றுதான் பொருள். புதியதைப் பதிவது அதன் வேலை.

இது எப்படித் தெரிந்தது என்றால் ஒரு மனிதர் பட்ட பாட்டினால். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குக் கடுமையான வலிப்பு. 1953-இல், 27 வயதில், இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாகப் பார்த்த ஆள், கேட்ட செய்தி எதுவும் தங்கவில்லை. சின்ன வயசுச் சங்கதிகள் இருந்தன. 2008-இல் இறக்கும்வரை அப்படியேதான். இதில் ஓர் ஆச்சரியம்: கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் "இதை நான் செய்ததே இல்லை" என்பார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. எங்கள் தெருவில் ஓர் ஆயாவைப் பார்த்தபோது உறைத்தது. நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். இப்போது மகனைத் தன் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடித்த கையோடு "சோறு போடலியா?" என்கிறார். ஆனால் முறத்தை மடியில் வைத்து நறுக்கின இலையைக் கொடுத்தால் போதும், விரல்கள் வேறு யாருடையதோ போல ஓடும். இலையை உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்தது. தூள் கிடையாது, வெறும் இலைதான் கொடுக்கிறார்கள். இருபத்தைந்து ஆனதும் கை தானாக நிற்கும், ஒரு கட்டு கட்டும். எண்ணினாரா என்று கேட்டால் "இன்னாத்த எண்ணினேன்?" என்பார்.

கைப்பழக்கம் தங்கும் இடம் வேறு. அதனால்தான் மறதி நோய் வந்தவர்களும் வெகுநாள் வரை கோலம் போடுகிறார்கள், பூ கட்டுகிறார்கள்.

"நாலு தடவை படிக்கிறான், எக்ஸாம்ல போய் முழிக்கிறான். என்ன பண்றது?"

நாலு தடவை படிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கட்டும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு பேர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். படித்ததையே படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சுகம் வரும். அந்தச் சுகம்தான் பிள்ளையை ஏமாற்றுகிறது.

அடுத்தது இடைவெளி. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது, மிச்சம் மெதுவாகக் கழல்கிறது. ஆகவே இன்று படித்ததை நாளை, அப்புறம் நாலாம் நாள், அப்புறம் பத்தாம் நாள் எழுதிப் பார்ப்பது, ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்காருவதைவிட மேல்.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாட்டைத் தினமும் முறை வைத்துச் சொல்ல வைத்தது இதே வேலைதான். ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியை மனப்பாடத்துக்கு இதைவிட நல்ல பூட்டு இல்லை என்பேன். ஒரு கண்ணி கையில் கிடைத்தால் சங்கிலி முழுக்க வந்துவிடும். சதாவதானி செய்குதம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்து அவதானம் செய்து காட்டினார். அதெல்லாம் பயிற்சி, எந்த டானிக்கும் இல்லை.

என் மகள் தாவரவியல் பெயர்களுக்கு ஒரு வித்தை செய்தாள். கிரீன் சர்க்கிளிலிருந்து கோட்டை வாசல் வரை அவளுக்குப் பழகின வழி. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு செடியை மனசுக்குள் நட்டு வைத்தாள். தேர்வு அறையில் அந்த வழியே நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பறித்தாளாம். எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள், செடி மட்டும் ஒன்றும் காயவில்லை.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுப் படிக்கலாமா?"

வேண்டாம். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான். தூக்கத்தைக் கடன் வாங்கிப் படித்தால் வட்டி அதிலேயே போய்விடும். பெரியவர்களுக்கும் ஏழு மணி நேரம் வேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்களின் மறதிக்குக் காரணம் பல நேரம் அந்தக் குறட்டைதான்.

"வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு வரும்னு சொல்றாங்களே. பாதாம்? வால்நட்?"

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்றால் எங்கள் வகுப்பில் நான்தான் முதல் மார்க் எடுத்திருக்க வேண்டும். வால்நட் பார்க்க மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லது என்பதும் அந்த ரகம்தான். கொட்டை வகைகள் இதயத்துக்கு நல்லவை, ரத்தக்குழாய்க்கு நல்லவை, அந்த வழியாக மூளைக்கும் நல்லவை. அதற்குப் பாதாம்தான் வேண்டும் என்றில்லை. நம் வடார்க்காட்டு மானாவாரி நிலத்தில் விளையும் வேர்க்கடலையை வேகவைத்து ஒரு பிடி சாப்பிடுங்கள். கேழ்வரகுக் களி, கீரை, பருப்பு, காய், வாரம் இரண்டு நாள் மீன். ஆம்பூர் பிரியாணி கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கே அந்தத் தைரியம் கிடையாது. தினமும் வேண்டாம்.

சாப்பாட்டில் நான் உண்மையிலேயே கவலைப்படுவது ஒன்றுக்குத்தான்: வைட்டமின் பி12. இது கறி, மீன், முட்டை, பாலில் இருக்கிறது, காய்கறியில் கிடையாது. சுத்த சைவம், பாலும் அதிகம் சேர்ப்பதில்லை என்றால் குறையும். வருஷக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்பார்மின் போடுகிறவர்களுக்கும் குறையலாம். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி, எரிச்சல் என்று வரும். எல்லாம் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் பார்த்து ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் சரிசெய்யக் கூடியது. ரொம்ப நாள் விட்டால் முழுசாகத் திரும்பாது. தைராய்டும் இதே கதை.

"பிரஷருக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒண்ணும் பண்ணலியே, மாத்திரையை நிறுத்திட்டேன்."

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

மூளை உடம்பு எடையில் 2 சதவீதம்தான் இருக்கும். உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி போவது முடி போன்ற மெல்லிய ரத்தக்குழாய்கள் வழியாக. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: மதகு பக்கத்து வயலுக்கு எப்படியும் தண்ணீர் கிடைத்துவிடும், காய்வது கடைமடைதான். பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து வாய்க்காலை அரித்து அடைத்தால் மூளையின் உட்பகுதி கடைமடை மாதிரி காய்கிறது. வலிக்காது. பத்து வருஷம் கழித்து, "அப்பாவுக்கு முன்ன மாதிரி கணக்கு வழக்கு பார்க்க முடியல" என்று தெரியவரும்.

2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 9,000-க்கு மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பிரஷரின் மேல் அளவை 120-க்குக் கீழேயும், மற்றவர்களுக்கு 140-க்குக் கீழேயும் வைத்தார்கள். 120 பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆரம்பநிலை அறிவுத் தடுமாற்றம் 19 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. வயசானவர்களுக்கு ரொம்ப இறக்கினால் தலை சுற்றி விழுந்துவிடுவார்கள்.

லான்செட் என்ற மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024-இல் மறதி நோய்க்குப் பதினான்கு காரணங்களைச் சொன்னது. படிப்புக் குறைவு, காது மந்தம், பார்வைக் குறை, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, பருமன், புகை, மது, உடல் உழைப்பில்லாமை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், காற்று மாசு. இவற்றைச் சரிசெய்தால் உலகில் வரும் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பட்டியலைப் பாருங்கள், பாதி என் கடை ரேக்கில் இருக்கும் சாதாரண மாத்திரைகளோடு சம்பந்தப்பட்டது. மெமரி டானிக்குக்கு அறுநூறு ரூபாய் எண்ணித் தருகிறவர், அதே நாளில் பிரஷர் மாத்திரையை "பாதி அட்டை போதும்" என்று வெட்டி வாங்கும்போது எனக்கு வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். இப்போதெல்லாம் விழுங்குவதில்லை.

ஒண்ணும் பண்ணலை என்று நிறுத்தாதீர்கள். ஒண்ணும் பண்ணாமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

"அப்பாவுக்குக் காது மந்தம். மிஷின் வச்சா கேவலம்னு சொல்றார்."

கண்ணாடி போட்டால் கேவலமில்லை, காதில் மாட்டினால் மட்டும் எப்படிக் கேவலம்? காது கேட்காதவர் முதலில் டிவி சத்தத்தைக் கூட்டுவார், அப்புறம் கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார், அப்புறம் கல்யாணத்துக்கே வரமாட்டார். பேச்சு குறையக் குறைய மூளைக்கு வேலை குறைகிறது. 2023-இல் வந்த ஓர் ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது காது மிஷினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களுக்கு மட்டும் மூன்று வருஷத்தில் அறிவுத் தேய்வு 48 சதவீதம் குறைந்தது. முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். சில பேருக்கு மிஷினே வேண்டாம், குறும்பியை எடுத்தால் போதும்.

"மாத்திரையாலேயே மறதி வருமா?"

வரும். என்னிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி இதுதான், யாரும் கேட்பதில்லை.

பழைய சளி மாத்திரை குளோர்பெனிரமின், தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின். இளம் வயசில் பெரிதாகத் தெரியாது. எழுபது தாண்டியவர்களுக்கு மந்தம், தடுமாற்றம், மறதி வரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தும்மலுக்கு என்று தினமும் சளி மாத்திரை வாங்கிப் போவார். மூன்று மாசத்தில் பேரன் பேரே தடுமாறுகிறது என்று வீட்டில் அழுதார்கள். சீட்டுகளையெல்லாம் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தால், நான் விற்றது ஒன்று, வேறு ஒரு டாக்டர் எழுதின தூக்க மாத்திரை ஒன்று. டாக்டரிடம் அனுப்பினேன், இரண்டையும் மாற்றினார்கள். மாசம் திரும்பவில்லை, என் பில்லில் கூட்டல் தப்பு கண்டுபிடித்தார்.

சளி மாத்திரையை விற்றவன் நான்தான் என்பது இன்றைக்கும் உறுத்தும்.

தூக்க மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வேறு வம்பு. இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்க்கிறவர்கள் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு ஒருவரிடம் காட்டுங்கள். பிராண்டு பேர் வேறாக, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்தாங்க. இன்னிக்குத் திடீர்னு ஆளே தெரியல."

இது மறதி நோய் கிடையாது, அவசரம். மறதி நோய் மாசக்கணக்கில் வரும். ஒரே நாளில், இரண்டு நாளில் குழம்பினால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது.

நம் ஊர் வெயில் சும்மா இல்லை. கத்திரியில் 40 டிகிரி தாண்டும். வயசானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையும் குறைப்பார்கள். அதோடு பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் போடுகிறவர் என்றால் உடம்பில் சோடியம் இறங்கிவிடலாம். "உப்புச் சத்து குறைஞ்சுபோச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். சிறுநீரில் கிருமி இருந்தாலும் இப்படிப் பிதற்றுவார்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருந்தால் சர்க்கரை இறங்கிக் குழம்புவார்கள். முழு நினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கழித்துக்கூட உள்ளே ரத்தம் கசிந்து குழப்பம் வரலாம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு முக்கியமாக.

வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். 108-ஐக் கூப்பிடுங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. "கை கால் பிடிச்சு விட்டா சரியாயிடும்" என்று காத்திருந்து கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

"நடந்தா மூளைக்கு நல்லதாமே?"

ஆமாம். வாரம் 150 நிமிஷம், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். 2011-இல் வந்த ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினரை வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம் வரை, ஒரு வருஷம் நடக்கவைத்தார்கள். அவர்களுக்கு அந்தக் கடல்குதிரைப் பகுதி 2 சதவீதம் போலப் பெருத்திருந்தது. அப்புறம் வந்த எல்லா ஆய்விலும் அதே அளவு வரவில்லை. ஆனால் பிரஷர், சர்க்கரை, தூக்கம் மூன்றுக்கும் நடை உதவும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

காலையில் கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். நடப்பவர்கள் பாதி, அகழி ஓரம் நின்று அரசியல் பேசுகிறவர்கள் பாதி. பேசுகிறவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன், லான்செட் பட்டியலில் தனிமையும் இருக்கிறதே.

"சுடோக்கு, மொபைல் கேம் விளையாடினா ஞாபக சக்தி கூடுமா?"

சுடோக்கு விளையாடினால் சுடோக்கு நன்றாக வரும். பெரும்பாலும் அவ்வளவுதான். கஷ்டமான புதிய ஒன்றை நிஜமாகக் கற்பது வேறு. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்குகிறார்கள். அவர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது என்று 2000-இல் கண்டார்கள். எனக்குப் பிடித்தது ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும். எதிரில் ஓர் ஆள் வேண்டும், சண்டை போட வேண்டும், சிரிக்க வேண்டும். மொபைலில் அது இல்லை.

"டாக்டர் 'இன்னிக்கு என்ன தேதி'ன்னு கேட்டார். அம்மாவுக்குச் சொல்லத் தெரியல. அவங்க பள்ளிக்கூடமே போகல."

நியாயமான கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து அம்மாவிடம் ஆங்கிலத் தேதி கேட்டால் நல்ல நிலையில் இருந்தாலும் தவறுவார். 10/66 என்ற ஆய்வுக் குழு இதற்காகவே படிப்பு இல்லாதவர்களுக்கும் பொருந்தும் சோதனை முறையை உருவாக்கியது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதத்துக்கும் குறைவே அங்கே நடந்தது என்பதைத்தான் அந்தப் பேர் குறிக்கிறது. அதன் களங்களில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. நாட்டிலேயே முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறை 1949-இல் ஜேக்கப் சாண்டி தலைமையில் இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. ஆக நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை.

டாக்டரிடம் நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை நாள் என்று சொல்கிறாரா? 2021-இல் பாலாற்றில் வெள்ளம் வந்ததை விவரிக்கிறாரா? பால்காரருக்குக் கணக்குத் தீர்க்கிறாரா? குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போடுகிறாரா? ஆறு மாசத்துக்கு முன்னால் செய்துகொண்டிருந்த எதை இப்போது விட்டுவிட்டார்? கடைசிக் கேள்விக்கான பதில்தான் டாக்டருக்குப் பொன். பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். மனச்சோர்வும் மறதி மாதிரியே வேஷம் போடும். வீட்டுக்காரர் போன துக்கத்தில் இருக்கும் அம்மா என்றால் அதையும் சொல்லுங்கள்.

"ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேக்குறார். பொறுமை போவுது."

போகத்தான் செய்யும். "இப்பதானே சொன்னேன்" என்பதில் பயனில்லை, அந்த "இப்ப" அவரிடம் இல்லை. "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் பதிலைச் சொல்லிவிட்டு, கையில் உரிக்கப் பூண்டு கொடுங்கள். இறந்துபோன அம்மாவைத் தேடினால் "செத்து நாப்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது இன்று நடந்த சாவு. "உங்க அம்மா என்ன குழம்பு வைப்பாங்க?" என்று கேளுங்கள், பேச்சு திரும்பும். சட்டைப் பையில் வீட்டுப் போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும். வெளியே இறங்கிவிட்டால் முதலில் பஸ் ஸ்டாண்டு, காட்பாடி ஸ்டேஷன் இரண்டிலும் தேடுங்கள். முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவருக்கும் வாரத்தில் ஒரு அரைநாளாவது ஓய்வு வேண்டும். பெரும்பாலும் அது மருமகள்தான், அவரை யாரும் கேட்பதில்லை.

"மாத்திரை போட்டோமா இல்லையான்னே மறந்துடுது. ரெண்டாவது தடவை போடலாமா?"

சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் சந்தேகத்தில் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரண்டு வேளை சேர்ந்து போவது ஆபத்து. ஏழு அறை வைத்த டப்பா கடையில் இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் கிழமை எழுதிக் கொடுக்கச் சொன்னால் நானே எழுதித் தருகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஒரு பெரியவர் இரண்டும் வேண்டாம் என்றார். அவர் வழி தினசரி காலண்டர். காலையில் மாத்திரை விழுங்கின பிறகுதான் நேற்றைய தாளைக் கிழிப்பார். இன்றைய தேதி தெரிந்தால் மாத்திரை போட்டாச்சு, நேற்றைய தேதியே இருந்தால் போடவில்லை. பேரன் கிழித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்காகத்தான் காலண்டரைப் பரண் உயரத்துக்கு மாட்டி, கிழிக்க ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறாராம். நாற்காலியில் ஏறி விழுந்து வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.